நான்கு இத்தாலியப் பாதாம் பிஸ்கட்டுகள்: வீட்டில் சுட எதைத் தேர்ந்தெடுப்பது?

பாதாம், சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு. மூன்றே பொருள்தான் என்று பார்த்ததும் பலர் முதலில் கைவைப்பது அமரெத்தியில். அது தட்டு முழுக்கப் பரவி, தாளோடு ஒட்டிக்கொண்டு, மறுநாளே நமுத்துப்போனதும், இத்தாலிய பிஸ்கட்டெல்லாம் வீட்டு அடுப்புக்குச் சரிவராது என்று விட்டுவிடுகிறார்கள். பொருள் குறைந்தால் வேலை எளிது என்ற கணக்கு இங்கே செல்லாது. மைதா இல்லாத மாவில் நம் பிழையைத் தாங்கிக்கொள்ள எதுவும் கிடையாது. பாதாம் எவ்வளவு நைசாக அரைபட்டது, வெள்ளைக்கரு எத்தனை கிராம், அடுப்பின் சூடு நிஜத்தில் எவ்வளவு என்ற மூன்றும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

இங்கே எடுத்துக்கொள்வது நான்கு வகை. டஸ்கனியின் பிராத்தோ நகரத்து கந்தூச்சி, இரண்டு முறை சுடப்படும் முறுகலான துண்டு. அதே டஸ்கனியில் சியெனாவின் ரிச்சரெல்லி, வெள்ளைச் சர்க்கரைப் பொடி போர்த்திய மென்மையான நீள்வட்டம். லொம்பார்தியாவின் சரோன்னோ ஊரோடு பெயர் சேர்ந்துவிட்ட அமரெத்தி, மெல்லிய கசப்பு மணம் வீசும் மொறுமொறு உருண்டை. சிசிலியின் பாஸ்தே தி மந்தோர்லா, பூப்போலப் பிழிந்து சுடும் பாதாம் இனிப்பு. இத்தாலியில் "பிஸ்கொத்தி" என்றால் எல்லா பிஸ்கட்டும்தான். வெளிநாடுகளில் அந்தப் பெயரில் விற்கப்படும் இருமுறை சுட்ட துண்டுக்கு ஊர்ப் பெயர் கந்தூச்சி.

## எதை வைத்து எடைபோடுவது

ருசி அவரவர் நாக்கைப் பொறுத்தது. அதை ஒதுக்கிவிட்டு, சமையலறையில் நிஜமாக வித்தியாசம் காட்டும் விஷயங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, பாதாமை எந்த நிலையில் கேட்கிறது என்பது. முழுசாகவா, தோலுரித்து மாவாகவா? பாதி வேலை இதிலேயே அடங்கிவிடும். அடுத்தது பிழை பொறுக்கும் தன்மை: ஐந்து கிராம் கூடினாலோ பத்து டிகிரி ஏறினாலோ என்ன ஆகும்? மூன்றாவது நேரம். கை வேலைக்கான நேரம் ஒன்று, மாவு காத்திருக்கும் நேரம் வேறு, அடுப்பு எரியும் நேரம் இன்னொன்று. இம்மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் தப்பான தேர்வில்தான் முடியும். நான்காவது, டப்பாவில் எத்தனை நாள் பதம் மாறாமல் இருக்கும் என்பது. கடைசியாகச் சாப்பிடப் போவது யார் என்பது: பல் வலு, கோதுமை ஒவ்வாமை, முட்டை.

| | கந்தூச்சி | ரிச்சரெல்லி | அமரெத்தி (மொறுமொறு) | பாஸ்தே தி மந்தோர்லா |
|---|---|---|---|---|
| பாதாம் | தோலோடு முழுசாக | தோலுரித்த மாவு | தோலுரித்த மாவு | தோலுரித்த மாவு |
| மைதா | உண்டு | இல்லை | இல்லை | இல்லை |
| ஒரு பிஸ்கட்டில் பாதாம் | சுமார் 4 கிராம் | 12 கிராம் | 4 கிராம் | 9 கிராம் |
| மாவு காத்திருப்பு | இல்லை | ஓர் இரவு | இல்லை, காத்திருக்கவும் கூடாது | ஓர் இரவு |
| அடுப்பு நேரம் | 45 நிமிடம் | 15 முதல் 18 நிமிடம் | 30 நிமிடமும், அணைத்தபின் ஒரு மணி நேரமும் | 10 முதல் 12 நிமிடம் |
| மிஞ்சும் மஞ்சள் கரு | இல்லை | 2 | 2 அல்லது 3 | 3 |
| டப்பாவில் ஆயுள் | ஒரு மாதம் | ஒரு வாரம் | ஈரமில்லாவிட்டால் இரண்டு வாரம் | ஒரு வாரம் |
| பிழை பொறுக்குமா | நன்றாக | ஓரளவு | இல்லவே இல்லை | ஓரளவு |

அட்டவணையில் பாதாம் வரிசையை ஒருமுறை திரும்பப் பாருங்கள். பாதாம் பிஸ்கட் என்றே பெயரெடுத்த அமரெத்தியில் ஒரு உருண்டைக்குப் போவது கந்தூச்சியில் போகிற அளவுதான். பாதாமின் செலவு உண்மையில் ஏறுவது ரிச்சரெல்லியில்.

## முதலில் பாதாம் மாவு, ஏனென்றால் மூன்று வகைக்கு அதுவே அஸ்திவாரம்

கந்தூச்சியைத் தவிர மற்ற மூன்றும் பாதாம் மாவைக் கேட்கின்றன. கடையில் வாங்கலாம், விலை கூடுதல். வாங்கினால் பாக்கெட்டைத் திறந்ததும் முகர்ந்து பார்க்க வேண்டும். பழைய எண்ணெய் வாடை துளி இருந்தாலும் சுட்டபின் அது மறையாது, இன்னும் தூக்கலாகத் தெரியும்.

வீட்டில் அரைப்பதானால் 250 கிராம் மாவுக்குத் தோலுள்ள பாதாம் 275 கிராம் எடுங்கள். கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் மட்டும் போட்டு, வடித்து, குளிர்ந்த நீரில் அலசினால் தோல் விரல் அழுத்தலிலேயே கழன்றுவிடும். இரவு முழுக்க ஊறவைக்கும் பழக்கம் பாதாம் பாலுக்குச் சரி. இங்கே அது கெடுதல், ஏனென்றால் பருப்புக்குள் இறங்கிய தண்ணீர் வெள்ளைக்கருவின் கணக்கைக் குலைத்துவிடும். தோலுரித்த பாதாமைத் துணியில் ஒற்றி, 100 டிகிரி செல்சியஸில் 20 முதல் 30 நிமிடம் உலர்த்தவும். நிறம் மாறவே கூடாது. பிறகு முழுதாக ஆறவிட வேண்டும்.

சூடான பாதாமை மிக்ஸியில் போட்டால் எண்ணெய் கக்கும். ஆறிய பாதாமும் தொடர்ந்து ஓட்டினால் கக்கும். அதனால் செய்முறையில் வரும் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கைப் பாதாமோடு சேர்த்துவிடுங்கள். கசியும் எண்ணெயைச் சர்க்கரை பிடித்துக்கொள்ளும். மூன்று நான்கு வினாடி ஓட்டி நிறுத்தி, ஜாரின் அடியைக் கரண்டியால் கிளறி, மறுபடி ஓட்ட வேண்டும். ஜார் கைக்குச் சூடாகத் தெரிந்தால் ஐந்து நிமிடம் ஓய்வு. சல்லடையில் தங்கும் குருணையை மட்டும் திரும்ப அரைக்கவும். விரல்களுக்கிடையே அழுத்தினால் மாவு கட்டிப்பட்டு, உதறியதும் உதிர வேண்டும். உதிராமல் விழுதாக நின்றால் எண்ணெய் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மாவில் சுட்ட பிஸ்கட் பரவும், அடித்தாளில் எண்ணெய்க் கறை விடும், நடுவில் கனத்துப்போகும். அதை அல்வாவுக்கோ குருமாவுக்கோ மாற்றிவிடுவது நல்லது.

இந்த வேலை மொத்தம் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். எந்தச் செய்முறைக் குறிப்பிலும் "தயாரிப்பு நேரம்" என்ற வரியில் இது வருவதே இல்லை.

## கந்தூச்சி

பிராத்தோவில் அந்தோனியோ மத்தேய் 1858-ல் தொடங்கிய கடையின் பிஸ்கட்டுகள் இன்றும் நீலத்தாள் பையில் விற்கின்றன. மாவு, சர்க்கரை, முட்டை, பாதாம், பைன் கொட்டை. வெண்ணெய் கிடையாது, உப்பவைக்கும் பொடியும் கிடையாது. டஸ்கனியில் வெண்ணெய் சேர்ப்பவர்களும் உண்டு. 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம் டஸ்கனி கந்தூச்சிக்குப் புவிசார் குறியீடு தந்தது. வெண்ணெய் இல்லாதது கடினமாக வரும், ஆனால் பானத்தில் தோய்த்தால் உதிராது. அங்கே தோய்ப்பது வின் சாந்தோ என்ற இனிப்பு ஒயினில். காபியிலும் அது அப்படியே நிற்கும்.

அளவு: மைதா 250 கிராம், சர்க்கரை 170 கிராம், முழு முட்டை 2, கூடுதலாக ஒரு மஞ்சள் கரு, தோலோடு முழு பாதாம் 150 கிராம், ஒரு ஆரஞ்சுப் பழத்தின் துருவிய மேல்தோல், உப்பு ஒரு சிட்டிகை. முதல் தடவை சுடுபவர்கள் அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்துக்கொள்ளலாம். ஏறக்குறைய 40 துண்டு கிடைக்கும்.

முட்டையையும் சர்க்கரையையும் கரையும்வரை கலக்கி, மைதாவைச் சேர்த்து, கடைசியில் பாதாம். மாவு ஒட்டும். ஒட்டுகிறதே என்று மைதாவைத் தூவினால் சுட்டபின் கல்லாகிவிடும், அதனால் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உருட்டுங்கள். 4 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு நீளக் கட்டைகள். அடுப்பில் அகலமாகும் என்பதால் நடுவே ஒரு சாண் இடைவெளி விடவும். 180 டிகிரியில் 22 முதல் 25 நிமிடம். மேலே வெளிர்பொன் நிறம் வந்து, அழுத்தினால் மெல்லத் திரும்பி எழும் பதம் வேண்டும்.

கந்தூச்சி வெற்றி பெறுவதும் தோற்பதும் இதற்கடுத்த பத்து நிமிடத்தில்தான். சுடச்சுட வெட்டினால் உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும் மாவு கத்தியோடு இழுபட்டுக் கிழியும். முழுதாக ஆறவிட்டால் மேலோடு நொறுங்கும், பாதாம் பெயர்ந்து குழி விழும். தொட்டால் கை சுடாத வெதுவெதுப்பில், அதாவது 10 முதல் 15 நிமிடம் கழித்து, கனமான கத்தியை மேலிருந்து ஒரே அழுத்தாக இறக்கவும். ரொட்டி அறுப்பதுபோல முன்பின் இழுத்தால் பாதாம் நகர்ந்துவிடும். சாய்வாக, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன். அப்படியும் பாதாம் பெயர்ந்துவந்தால், அவை முன்பே வறுக்கப்பட்டவையா என்று பாருங்கள். வறுத்த பாதாம் வறண்டு உறுதியாகிக் கத்திக்கு வழிவிடாது. இங்கே பச்சை பாதாம்தான் வேண்டும். இரண்டு முறை அடுப்பில் இருப்பதால் வறுபடுவது அங்கேயே நடந்துவிடும்.

துண்டுகளைப் படுக்கவைக்காமல், வெட்டுமுகம் இருபுறமும் காற்றுப்படும்படி நிறுத்திவைத்து, 150 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் உலர்த்தினால் திருப்பிப்போடும் வேலையே இல்லை. அடுப்பிலிருந்து எடுக்கும்போது நடுப்பகுதி சற்று மெத்தென்றிருக்கலாம், ஆறியதும் இறுகிவிடும். ஆறியபிறகும் மெத்தென்றால் இன்னொரு ஐந்து நிமிடம்.

மறைந்திருக்கும் செலவு: சின்ன ஓடிஜி மின்னடுப்பில் 40 துண்டு ஒரே தட்டில் அடங்காது. இரண்டாவது சூட்டை இரண்டு தடவையாகச் செய்ய வேண்டிவந்தால் மின்சாரக் கணக்கு ஏறும். இன்னொன்று பல். முதியவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் தோய்க்காமல் கொடுக்கக்கூடாது. உருக்கிய வெண்ணெய் 30 கிராம் சேர்த்தால் கடினம் குறையும், ஆனால் தோய்க்கும்போது சீக்கிரம் உதிரும்.

இதுவே சிறந்தது எப்போது: முதல்முறை சுடும்போது. தோலுரிக்கவோ அரைக்கவோ நேரமில்லாதபோது. வெளியூருக்கு அனுப்பும்போது. இரும்பு டப்பாவில் ஒரு மாதம் தாங்கும். நமுத்தால்கூட 150 டிகிரியில் எட்டு நிமிடம் வைத்து மீட்டுவிடலாம். மற்ற மூன்றுக்கும் அந்த வாய்ப்பு இந்த அளவுக்குக் கிடையாது.

## ரிச்சரெல்லி

சியெனாவில் கிறிஸ்துமஸ் காலத்து இனிப்பு. 2010-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்றது. பாதாமின் ருசியை மட்டும் எதிர்பார்ப்பவர்கள் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம், நான்கில் பாதாம் விகிதம் அதிகமுள்ள இரண்டில் ஒன்று இது. வெளியே சர்க்கரைப் பொடி வெடித்துப் பாளம்பாளமாகத் தெரிய, உள்ளே ஈரமாக, மெத்தென்று இருக்க வேண்டும்.

அளவு: பாதாம் மாவு 250 கிராம், ஐசிங் சுகர் 200 கிராம், வெள்ளைக்கரு 60 கிராம், ஆரஞ்சு மேல்தோல் துருவல் ஒரு பழத்தினுடையது, கசப்பு பாதாம் எசன்ஸ் மூன்று சொட்டு, பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன். மேலே தூவ இன்னொரு 80 கிராம் ஐசிங் சுகர். 20 உருப்படி வரும்.

வெள்ளைக்கருவை நுரை தோன்றும்வரை மட்டும் கலக்குங்கள். கெட்டியாக அடித்துச் சேர்த்தால் அடுப்பில் புசுபுசுவென எழும்பி, வெளியே எடுத்ததும் நடுவில் குழிந்துவிடும். பிசைந்த மாவு முதலில் தளதளவென்று ஒட்டும். மூடி, குளிர்பெட்டியில் ஓர் இரவு வைக்கும்போது பாதாம் துகள்கள் ஈரத்தை உறிஞ்சி, காலையில் உருட்டும் பதத்துக்கு வந்துவிடும். "நாலு மணி நேரம் போதாதா?" என்று கேட்பவர்களுக்குப் பதில்: உருட்டலாம், ஆனால் அடுப்பில் பரவும்.

25 கிராம் உருண்டையாக எடுத்து, 7 சென்டிமீட்டர் நீள நீள்வட்டமாகத் தட்டுங்கள், தடிமன் ஒரு சென்டிமீட்டர். சர்க்கரைப் பொடியில் புரட்டி, தாளில் அடுக்கி, மேலே இன்னொருமுறை தாராளமாகச் சலித்துத் தூவி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே விடவும். மேற்பரப்பு காய்ந்திருந்தால்தான் உள்ளே மாவு விரியும்போது அந்த ஓடு வெடிக்கும். வெடிப்பு வரவில்லையென்றால் பெரும்பாலும் இந்தக் காயவிடும் நேரம் போதாமல் போயிருக்கும். 160 டிகிரி, நடு அடுக்கு, 15 முதல் 18 நிமிடம். பழுப்பு நிறமே கூடாது. "இன்னும் வேகவில்லையோ" என்ற சந்தேகம் வரும் மென்மையில் எடுத்துவிடுங்கள், ஆறும்போது இறுகும். சந்தேகம் தீரும்வரை உள்ளே வைத்திருந்தால் மறுநாள் கடிக்க முடியாது.

மறைந்திருக்கும் செலவு: பாதாம்தான். ஒரு உருப்படிக்கு 12 கிராமுக்கு மேல். 40 பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் ஒரு கிலோ பாதாம் மாவு வேண்டும். ஓர் இரவுக்குக் குளிர்பெட்டியில் இடமும் வேண்டும். கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சுடுவதானால் பேக்கிங் பவுடரின் லேபிளைப் படியுங்கள், சில தயாரிப்புகளில் கோதுமை மாவு கலந்திருக்கும். சிலர் அடியில் வைக்கும் ஒஸ்தியா என்ற மெல்லிய தாள் ரொட்டியும் கோதுமையில் செய்ததாக இருக்கலாம்.

இதுவே சிறந்தது எப்போது: குறைவான எண்ணிக்கையில், தரமாக, முக்கியமான ஒருவருக்குக் கொடுக்கும்போது. முந்தைய நாளே பாதி வேலையை முடித்துவிட விரும்பும்போது.

## அமரெத்தி

"அமரோ" என்றால் கசப்பு. கசப்பு பாதாம் அல்லது ஆப்ரிகாட் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு இந்த மணத்தைத் தருகிறது. இரண்டிலும் அமிக்டாலின் என்ற சேர்மம் இருக்கிறது. அது சிதையும்போது மணம் தரும் பென்சால்டிஹைடும் கூடவே சயனைடும் வெளிப்படும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் எச்சரித்தபடி, பெரியவர் ஒருவர் ஒரு வேளையில் மூன்று சிறிய பச்சை ஆப்ரிகாட் பருப்புக்கு மேல் தின்றாலே பாதுகாப்பான அளவைத் தாண்டிவிடக்கூடும். குழந்தைக்கு ஒன்றே அதிகம். சூட்டில் ஓரளவு போய்விடும் என்ற நம்பிக்கையில் வீட்டில் இவற்றை அரைக்காதீர்கள். கசப்பு பாதாம் எசன்ஸ் போதும். வாங்கும்போது முகர்ந்து பாருங்கள்: பாதாம்பால் மணத்துக்கென்று ஏலக்காய் வாசத்தோடு வரும் எசன்ஸ் இங்கே உதவாது.

அளவு: பாதாம் மாவு 150 கிராம், சர்க்கரை 200 கிராம், வெள்ளைக்கரு 70 கிராம், கசப்பு பாதாம் எசன்ஸ் அரை டீஸ்பூன். பத்து கிராம் உருண்டையாக 40 வரும்.

பாதாமைவிடச் சர்க்கரை கூடுதலாக இருப்பது பிழை அல்ல. அந்தச் சர்க்கரைதான் உருகி, இறுகி, கண்ணாடிபோல மொறுமொறுப்பைத் தருகிறது. சர்க்கரை கூடுதல் என்று 50 கிராம் குறைத்தால் மொறுமொறுப்பும் கூடவே போய்விடும். வெள்ளைக்கருவைப் பாதிச் சர்க்கரையோடு, கரண்டியைத் தூக்கினால் நுனி வளைந்து விழும் பதத்துக்கு அடித்து, மீதிச் சர்க்கரை கலந்த பாதாம் மாவை மூன்று தவணையில் மடித்துச் சேர்க்கவும். அதிகம் கிளறினால் இட்லி மாவுபோல ஓடும், பிறகு எதுவும் செய்ய முடியாது. பைப்பிங் பையில் நிரப்பி, இரண்டரை சென்டிமீட்டர் பொட்டுகளாக, 5 சென்டிமீட்டர் இடைவெளியில் பிழிந்து, கூம்பி நிற்கும் நுனியை ஈரவிரலால் தட்டிவிடுங்கள். 150 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். பிறகு அடுப்பை அணைத்து, கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகிச் சிறிது திறந்து, ஒரு மணி நேரம் உள்ளேயே விட வேண்டும்.

இந்த ஒரு மணி நேரத்தைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் மறுநாள் நமுத்துப்போகிறது. மேல் ஓடு காய்ந்திருந்தாலும் நடுவில் ஈரம் மிச்சமிருக்கும். டப்பாவில் மூடியதும் அந்த ஈரம் வெளியே நகர்ந்து ஓட்டை இளக்கிவிடும். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் சுட்டால் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். அந்த நாட்களில் இதைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

மறைந்திருக்கும் செலவு: ஓடிஜி தட்டில் ஒரு தடவைக்கு 20 முதல் 25 பொட்டுகள்தான் வைக்க முடியும். மீதி மாவு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தால் நீர் பிரிந்துவிடும். எனவே சின்ன அடுப்பு உள்ளவர்கள் அளவைப் பாதியாக்கிக்கொள்வது நல்லது. அடுப்பின் சூடு சரியாகத் தெரியாதவர்கள் தனியாக ஓர் அடுப்புத் தெர்மாமீட்டர் வாங்க வேண்டியிருக்கும். 150 என்று காட்டும் குமிழ் நிஜத்தில் 175-ல் இருந்தால் வெளியே கருகி உள்ளே பிசுபிசுக்கும்.

மெத்தென்ற அமரெத்தியும் உண்டு. லிகூரியாவின் சசெல்லோவும் பியமோந்தேயின் மொம்பாருட்சோவும் அதற்குப் பேர்போனவை. பாதாம் மாவு 250, சர்க்கரை 180, வெள்ளைக்கரு 70 கிராம் என்று அளவை மாற்றி, வெள்ளைக்கருவை அடிக்காமல் பிசைந்து, சர்க்கரையில் உருட்டி, 165 டிகிரியில் 16 நிமிடம். வேலை ஏறக்குறைய ரிச்சரெல்லிபோலத்தான், இரவு முழுக்கக் காத்திருக்கத் தேவையில்லை. மொறுமொறுப்பு உங்களுக்கு முக்கியமில்லையென்றால் இதுதான் புத்திசாலித்தனமான அமரெத்தி.

மொறுமொறு வகை சிறந்தது எப்போது: நொறுக்கி வேறு இனிப்பில் சேர்க்கும்போது. பியமோந்தேயில் பாதி வெட்டிய பீச் பழத்துக்குள் நொறுக்கிய அமரெத்தியை நிரப்பிச் சுடுவார்கள். ஐஸ்கிரீம் மேலும் தூவலாம். நொறுக்கப் போவதால் வடிவம் கோணலானாலும் கவலையில்லை, ஆகவே பழகுவதற்கு இதுவே நல்ல சாக்கு.

## பாஸ்தே தி மந்தோர்லா

சிசிலியின் தென்கிழக்கில் ஆவோலா, நோத்தோ ஊர்கள் பாதாமுக்குப் பெயர்பெற்றவை. ஆவோலாவின் "பிட்சூத்தா" என்ற வகை தட்டையான, கூர்நுனிப் பருப்பு. அந்தத் தீவின் இனிப்புக்கடைகளில் நட்சத்திர நாசிலில் பிழிந்து, நடுவில் செர்ரியோ முழு பாதாமோ பதித்த இவற்றை எடைபோட்டு விற்கிறார்கள்.

அளவு: பாதாம் மாவு 250 கிராம், சர்க்கரை 200 கிராம், வெள்ளைக்கரு 70 கிராம், தேன் 15 கிராம், எலுமிச்சை மேல்தோல் துருவல், கசப்பு பாதாம் எசன்ஸ் இரண்டு சொட்டு. 20 கிராம் வீதம் 27 வரும்.

தேன் வெறும் ருசிக்காக அல்ல. அது ஈரத்தைப் பிடித்துவைப்பதால்தான் உள்ளே பல நாள் மெத்தென்று நிற்கிறது. மாவு பிழியக்கூடிய பதத்தில் இருக்க வேண்டும். பையை அழுத்தக் கை வலித்தால் வெள்ளைக்கருவை ஒரு டீஸ்பூன் வீதம் சேருங்கள், ஒரே ஊற்றாக வேண்டாம். நாசிலின் வாய் 12 மில்லிமீட்டராவது அகலமாக இருக்கட்டும். பாதாம் குருணை அடைத்துக்கொண்டால் மெல்லிய பை கிழிந்துவிடும். பிழிந்த தட்டை அப்படியே மூடாமல் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைக்கவும். மேல் காய்ந்தால் வரிகள் அடுப்பில் கரையாமல் நிற்கும். வெங்காயம், மீன் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது, பாதாம் எல்லா வாசத்தையும் இழுத்துக்கொள்ளும்.

மற்ற மூன்றுக்கும் மாறாக, இதற்குச் சூடு அதிகம், நேரம் குறைவு: 190 டிகிரி, 10 முதல் 12 நிமிடம். வரிகளின் முகடு மட்டும் பொன்னிறமாக வேண்டும், பள்ளம் வெளிறியே இருக்கட்டும். ஓடிஜியில் மேல்கம்பி அருகில் இருப்பதால் எட்டாவது நிமிடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருங்கள். காற்றாடி ஓடும் அடுப்பென்றால் 170 போதும்.

மறைந்திருக்கும் செலவு: நாசில், பை, ஓர் இரவுக்கு ஒரு தட்டளவு காலியான குளிர்பெட்டி அடுக்கு. கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலான வீடுகளில் கிடைக்காதது. பிழிய முடியாதவர்கள் உருட்டி, செதில் பாதாமிலோ சர்க்கரைப் பொடியிலோ புரட்டி, கட்டைவிரலால் ஒரு குழி அழுத்தலாம். சிசிலியிலேயே அப்படியும் செய்வதுண்டு.

இதுவே சிறந்தது எப்போது: பார்வைக்கு அழகாக ஒரு தட்டு நிறைய வைக்க வேண்டும்போது. பிள்ளைகளும் பாட்டிகளும் ஒருசேரச் சாப்பிடும் வீட்டில். சுட்ட அன்றைவிட மறுநாள் ருசி கூடும் என்பதால் விருந்துக்கு முந்தைய நாளே முடித்துவிடலாம்.

## இன்னும் முடிவு வரவில்லையென்றால்

எடை பார்க்கும் தராசு வீட்டில் இல்லையென்றால் கந்தூச்சியைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம். நம் ஊர் முட்டையில் வெள்ளைக்கரு ஏறக்குறைய 30 கிராம்தான் வரும். வெளிநாட்டுச் செய்முறையின் "இரண்டு வெள்ளைக்கரு" பெரிய முட்டையை மனதில் வைத்து எழுதியது. மைதா உள்ள மாவு இரண்டு வெள்ளைக்கருவில் வரும் பத்து கிராம் வித்தியாசத்தை விழுங்கிவிடும், பாதாம் மாவு விழுங்காது.

கோதுமை கூடாதென்றால், பிழையே பொறுக்காத மொறுமொறு அமரெத்தியை ஒதுக்கிவிட்டு, ரிச்சரெல்லிக்கும் பாஸ்தேவுக்கும் இடையில்தான் தேர்வு. குளிர்பெட்டியில் ஒரு கிண்ணம் வைக்கத்தான் இடம் என்றால் ரிச்சரெல்லி, தட்டே வைக்கலாம் என்றால் பாஸ்தே. முட்டை சாப்பிடாத வீட்டுக்கு இந்த நான்கில் எதையும் வளைத்துச் செய்வதைவிட, சிசிலியின் பாஸ்தா ரியாலேவுக்குப் போவது நேர்மையான வழி. பாதாம் மாவும் சர்க்கரைப் பாகும் சேர்த்துப் பிசைந்து, பழ வடிவில் உருட்டி வண்ணமிடுவது அது. சுடவே வேண்டாம், முட்டையும் இல்லை.

இரண்டு வகை செய்யும் எண்ணமிருந்தால் பாஸ்தேவையும் கந்தூச்சியையும் ஜோடி சேருங்கள். மாலையில் பாஸ்தே மாவைப் பிசைந்து பிழிந்து குளிர்பெட்டியில் வையுங்கள். அதில் மூன்று மஞ்சள் கரு மிஞ்சும். கந்தூச்சி அளவில் இரண்டு முழு முட்டைக்கும் ஒரு மஞ்சள் கருவுக்கும் பதிலாக, ஒரு முழு முட்டை, இந்த மூன்று மஞ்சள் கரு, ஒரு மேசைக்கரண்டி பால் சேர்த்துப் பிசைந்து அன்று இரவே சுட்டுவிடலாம். நிறம் இன்னும் பொன்னாக வரும், கடிக்கவும் சற்று இலகுவாக இருக்கும். காலையில் பாஸ்தே தட்டுகளை நேரே அடுப்பில் ஏற்றினால் பன்னிரண்டு நிமிட வேலைதான் பாக்கி.